சப்மெர்சி புள்ள

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். மகள் முன்னால் ஆங்கிலம் பேச வாயே வராது.

நேற்று அவள் செல்போன் விளையாட்டில் பி, எம், ஆர், எஸ் நான்கும் வரும் நீளமான ஆங்கிலச் சொல்லைத் தேடினாள். சின்ன வயதில் பீளமேட்டு வீட்டில் வார்னிஷ் வாடையோடு கிடந்த அட்டைப்பெட்டி எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுபவர். கிணற்றுத் தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார் வந்த பெட்டி அது. நீல எழுத்துகளை விரலால் தடவி, "சப்மெர்சி புள்ள" என்று படித்தேன்.

"ஆரூட்டுப் புள்ளடா அது? கட்டிக்கறயா?" என்று அக்கா சிரித்தாள்.

கூச்சத்தோடு அந்தப் பெட்டிச் சொல்லை மகளிடம் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். பதினொன்றும் சரி என்று செல்போன் காட்டியது.

"அடுத்ததும் நீங்களே சொல்லுங்கப்பா" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

எழுதி முடித்தது: ஆவணி ஏழு, ஞாயிறு.