கோயில் சுவரில் ஒரு கல்

வாவிக்கரையில் நிற்கும் அந்தப் பழைய கத்தோலிக்கக் கோயிலைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்த்துக்கேயர் காலத்துச் சுவருக்குக் குளியலறை மாபிள் கல்லை ஒட்டி வைத்திருந்தார்கள். உட்காரும் வாங்கு, ஃபேன், விளக்கு, எதைப் பார்த்தாலும் உபயம் இன்னார், கனடா. உபயம் இன்னார், சுவிஸ். மாதாவின் காலடியைக்கூட விட்டுவைக்கவில்லை.

மன்னாரிலிருந்து பஸ்ஸில் ஆடி உலைந்து அம்மாவைக் கொண்டுவந்திருந்தேன். அம்மாவுக்குக் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது. கலியாணம் முடித்த கோயிலுக்கு ஒருக்கால் போகவேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. கனடாவிலிருந்து அண்ணனும், "கூட்டிக்கொண்டு போவன்" என்று ஃபோனில் உத்தரவு போட்டான். அவனுக்கென்ன, வாயால் சொன்னால் போதும். அம்மாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மருந்து கொடுப்பது நான்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் பெருமையோடு வந்தார். "எல்லாம் வெளிநாட்டுப் புள்ளையள் செஞ்சு தந்தது. எப்பிடி, பளிச்செண்டு கிடக்கா?"

"பழசையெல்லாம் எங்க கொண்டுபோய்க் கொட்டினீங்க?" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "கூரை ஒழுகக்குள்ள நீங்க ஒருத்தரும் வரல்லயே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். போகட்டும் என்று விட்டேன்.

பீடத்துக்கு முன்னால் அம்மாவை நிறுத்தினேன். "இதுதானம்மா நீங்களும் அப்பாவும் முழந்தாளிட்ட இடம்."

அம்மா முழந்தாளிடவில்லை. "வலப்பக்கச் சுவரில ஒரு கறுத்தக் கல்லு கிடக்காம். அங்க கூட்டிப் போ, புள்ள" என்றாள்.

கல் இருந்தது. அதில் அண்ணனின் பெயர். அதற்குக் கீழே அண்ணியின் பெயர். அண்ணி கலியாணம் கட்டிய நாளிலிருந்து அம்மாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உன்ட அண்ணன் போன மாசமே சொன்னவன்," என்றாள் அம்மா. "உனக்குச் சொன்னா நீ கூட்டி வரமாட்டாய் எண்டுதான் சொல்லல்ல."

இந்தக் கல்லைத் தடவவா இவ்வளவு தூரம்? இப்படியே பஸ்ஸுக்கு இழுத்துப்போனால் என்ன என்றுகூடத் தோன்றியது.

அம்மாவின் விரல்கள் அண்ணன் பெயரை எழுத்தெழுத்தாகத் தடவிவிட்டுக் கீழே இறங்கித் தேடின.

"உன்ட பேர் எங்க புள்ள கிடக்கு?"

கல்லை மேலிருந்து கீழே பார்த்தேன்; இரண்டே பெயர்கள். திரும்பவும் கேட்டாள். அவள் விரலைப் பிடித்து அண்ணியின் பெயரில் வைத்தேன்.

"இஞ்சதானம்மா" என்றேன்.

குனிந்து அதை முத்தமிட்டாள்.