சாதாரணப் பெற்றோலைத் தொடாத வான்

பெற்றோல் வாங்கப் போவதற்கென்றே பெற்றோலை எரிக்கிற மனிதர் எங்கள் ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெயபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குத் தன் வானை ஓட்டிக்கொண்டு போய், தொண்ணூற்றைந்து என்று இலக்கம் போட்ட விலை கூடிய பெற்றோலை அடித்துக்கொண்டு திரும்பி வருவார். எங்கள் பக்கத்துப் பெற்றோல் செட்டில் தொண்ணூற்றிரண்டு மட்டும்தான் இருந்தது. ஊரிலிருந்த மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் அதைக் குடித்துவிட்டு ஒரு குறையும் சொல்லாமல் ஓடித் திரிந்தன. மாமாவின் வான் மட்டும் அதைத் தொடாது. ஏனென்றால் அது டர்போ வான்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். டர்போ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு நிமிரும். வான் என்னவோ பார்வைக்குச் சின்னதுதான். ஜப்பானில் யாரோ ஆசைதீர ஓட்டிவிட்டு அனுப்பிய வெள்ளை வான், நெருப்புப்பெட்டி போல நாலு பக்கமும் நேராக இருக்கும். ஆனால் பின்கண்ணாடியில் டர்போ என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. வானைக் கழுவும்போது அந்த எழுத்துகளை மட்டும் மாமா தனித் துணியால் துடைப்பார்.

அந்த வான் வந்த நாளிலிருந்தே எங்கள் வீட்டில் முறுகல். அப்பாவும் மாமாவும் கூட்டாகச் சேர்ந்து குளத்துக்குக் கீழே இன்னும் கொஞ்ச வயல் குத்தகைக்கு எடுப்பதாகப் பேச்சிருந்தது. கடைசி நேரத்தில் மாமா மனம் மாறி வானை வாங்கிவிட்டார். வயலை விட்டுவிட்டு வானை வாங்கினவனோடு எனக்கென்ன கதை என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வானில் கால் வைக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அதன்பிறகு இருவரும் ஒரே முற்றத்தில் நின்றாலும் பேச்சு என் மூலமாகத்தான் நடக்கும். வானை வேலியோடு விடவேண்டாமென்று மாமாவிடம் சொல்லு என்பார் அப்பா. நான் திரும்பி, கையெட்டும் தூரத்தில் நிற்கிற மாமாவிடம் அதை ஒப்பிப்பேன். மாமாவும் அப்போதுதான் காதில் விழுந்ததுபோலத் தலையாட்டுவார். எனக்கு அந்த உத்தியோகம் மிகவும் பிடித்திருந்தது.

இதற்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டது அம்மாவின் படிப்பு. அம்மா ஊர் முன்பள்ளியில் உதவிக்கு நின்றார். இடப்பெயர்வுகளுக்குள் பாதியில் விட்டுப்போன படிப்பு அவருடையது. ஆசிரியையாக நியமனம் கிடைக்கவேண்டுமென்றால் கிளிநொச்சியில் சனிக்கிழமைகளில் நடக்கும் பயிற்சியை முடித்துச் சோதனை எழுதவேண்டும். அம்மாவுக்கு அதில் அப்படி ஓர் ஆசை. ஆனால் சனிக்கிழமை காலை பஸ் வந்தால் வரும், வராவிட்டால் கேட்க ஆளில்லை. முதல் வகுப்புக்கு அம்மா போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பிக்கொண்டிருந்தார்களாம். அடுத்த தடவையும் அதே கதை. இன்னொருமுறை இப்படிப் பிந்தி வந்தால் பெயரை வெட்டவேண்டி வரும் என்று பயிற்சிக்குப் பொறுப்பானவர் சொல்லிவிட்டார். அன்று அம்மா வீட்டுக்கு வந்து, உடுத்த சாறியைக்கூட மாற்றாமல், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

அப்பா படிப்புக்கு எதிரி இல்லை. தானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடவேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை சனிக்கிழமை விடியத்தான் வரும். அந்த முறையை விட்டால் பயிர் காயும். மாமா விஷயத்தைக் கேள்விப்பட்டு, தான் கொண்டுபோய் விடுவதாக என்னிடம் சொல்லி அனுப்பினார். நானும் ஓடிப்போய் ஒப்பித்தேன். அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“எங்களுக்காக ஒருத்தரும் வானை எடுக்க வேண்டாம். ஆற்றையும் தயவிலை என்ர மனிசி படிக்கத் தேவையில்லை.”

அம்மாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. வானை வாடகைக்கு ஓட்டுகிற மாமாவுக்குச் சனிக்கிழமைதான் நல்ல ஹயர் கிடைக்கும் நாள், அதைக் கெடுத்துக்கொண்டு தம்பி தனக்காக வருவதை அவர் மனமும் ஏற்காது. ஆகவே படிப்பு அத்தோடு முடிந்தது என்றே நானும் நினைத்தேன்.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமா எங்கள் முற்றத்துக்கு வந்தார். அப்பா மண்வெட்டிக்குப் புதுப் பிடி செருகிக்கொண்டிருந்தார். மாமா என்னைப் பார்த்து, ஆனால் அடுத்த வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

“பிள்ளை, எங்கட செட்டுப் பெற்றோல் இந்த வானுக்குச் சரிவராது. டர்போவுக்குத் தொண்ணூற்றைஞ்சுதான் அடிக்கோணும். அது கிளிநொச்சியிலைதான் கிடக்கு. இனிச் சனிக்கிழமை சனிக்கிழமை விடிய நான் போகத்தான் வேணும். ஆர் ஏறினாலும் போகோணும், ஏறாட்டிலும் போகோணும்.”

யாரும் அவரை ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அப்பா பிடியை இரண்டு தட்டுத் தட்டிச் சரிபார்த்தார். பிறகு என்னிடம், வெறும் வானாகப் போகிறதென்றால் கொம்மாவும் ஏறிப் போகட்டும் என்றார். சொல்லிவிட்டு, பெற்றோல் அடிக்கப் பரந்தன் தாண்டி ஓடுகிற விசரனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மாமா எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்கிறார், இவருக்கு அது ஏறவில்லையே என்று கோபம் வந்தது.

அடுத்த நாளிலிருந்து நாங்கள் மூவரும் போகத் தொடங்கினோம். மாமா ஓட்டுவார், நான் முன்னால், அம்மா பின்னால் கொப்பியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு. பூநகரிச் சந்தி தாண்டி வெளியான வீதிக்கு வந்ததும் மாமா எனக்கு டர்போவைப் படிப்பிப்பார். எஞ்சினிலிருந்து புகை வெளியே போகிற வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுற்றுமாம். அந்த விசிறி வெளிக்காற்றைப் பிடித்து எஞ்சினுக்குள் அமத்தி ஏற்றுமாம். காற்று அப்படி நெருக்குண்டு நிற்கும்போது மலிவான பெற்றோல் பொறுமையில்லாமல் நேரத்துக்கு முந்தி வெடித்துவிடும், அப்போது எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம் வரும், நாளடைவில் எஞ்சின் கெட்டுப்போகும். தொண்ணூற்றைந்துக்குப் பொறுமை அதிகம், சொன்ன நேரத்தில்தான் வெடிக்கும். இதை நான் பாடமாக்கி வகுப்பில் சொன்னேன். எங்கள் விஞ்ஞான ரீச்சர்கூடக் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார்.

கிளிநொச்சியில் அம்மாவை நேரத்துக்கு இறக்கிவிட்டு நாங்கள் செட்டுக்குப் போவோம். மாமா இறங்கி நின்று, தொண்ணூற்றைந்து என்று அழுத்திச் சொல்வார். அடித்து முடிந்ததும் ஊருக்குத் திரும்பினால் முழு நாளும் ஹயர் ஓடலாம். ஆனால் மாமா திரும்பமாட்டார். அம்மாவின் வகுப்புக்கு எதிரே ஒரு வேப்பமரத்துக்குக் கீழே வானை விட்டுவிட்டு, சீற்றைச் சாய்த்துக்கொண்டு படுத்துவிடுவார். ஏன் போகவில்லை என்று நான் கேட்டதற்கு, நல்ல பெற்றோல் டாங்கில் கொஞ்சம் ஊறவேண்டும், உடனே ஓட்டக்கூடாது என்றார். பின்னேரம்தான் சரியாக ஊறுமாம். அதாவது, அம்மாவுக்கு வகுப்பு விடுகிற நேரத்துக்கு.

ஒருநாள் தெரிந்தவர் ஒருவர் வந்து, கலியாண வீட்டுக்கு யாழ்ப்பாணம் வரை ஒரு ஹயர் இருக்கிறது, வாறீரோ என்று மாமாவைக் கெஞ்சிக் கேட்டார். மாமா தலையைத் தூக்காமலே வண்டி எடுக்க ஏலாது என்றார். நான் முந்திக்கொண்டு, பெற்றோல் ஊறிக்கொண்டிருக்கிறது என்று விளக்கம் சொன்னேன். அந்த மனிதர் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கதை எங்களுக்கு முன்னே ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து மாமாவின் பெயரே தொண்ணூற்றைஞ்சு என்று ஆகிவிட்டது. தேநீர்க் கடைக்குப் போனால், வானுக்கும் ஒரு பால்தேத்தண்ணி போடட்டோ என்பார்கள். மாமா ஒருநாளும் முகம் கோணியதில்லை. நக்கலடித்தவனையே பக்கத்தில் இருத்தி டர்போவைப் பற்றி முழுப் பாடமும் எடுத்துவிட்டுத்தான் எழும்புவார். இன்றைக்கு நினைக்கும்போது, ஊர் முழுவதும் தன்னை விசரன் என்று சொல்லச் சிரித்துக்கொண்டிருக்க எவ்வளவு பெரிய மனது வேண்டும் என்று எனக்கு மலைப்பாக இருக்கிறது.

சோதனைக்கு இன்னும் கொஞ்சக் கிழமைகள்தான் இருந்தன. ஒரு சனிக்கிழமை பிரேக் சத்தம் போடுகிறதென்று மாமா வானைக் கிளிநொச்சியில் ஒரு கராச்சில் விட்டார். மாமா தேநீர் வாங்கப் போன நேரத்தில், சில்லைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் நான் பெரியமனுஷி மாதிரி, கழற்றும்போது பார்த்துக் கழற்றுங்கோ, டாங்கில் பெற்றோல் ஊறிக்கொண்டிருக்கிறது என்றேன். அவருக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. நான் விடாமல் தொண்ணூற்றைந்தின் பொறுமையைப் பற்றியும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துவிட்டு வந்து, பெற்றோல் மூடியைத் திறந்து, அதன் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த ஜப்பான் எழுத்தைக் காட்டினார். சாதாரணப் பெற்றோல் என்றுதான் அதில் எழுதியிருக்கிறதாம். சில டர்போக் கார்களுக்குத் தொண்ணூற்றைந்து வேண்டும்தான், ஆனால் இந்தச் சின்ன வானைச் செய்தவர்கள் சாதாரணப் பெற்றோலுக்கென்றே செய்திருக்கிறார்கள், தொண்ணூற்றிரண்டு தாராளமாகக் காணும் என்றார்.

பாவம் மாமா, இவ்வளவு நாளும் தெரியாமல் அலைந்திருக்கிறாரே! பெரிய கண்டுபிடிப்பு என்பதால் அதை உடனே சொல்லிவிட மனம் வரவில்லை. எல்லாரும் இருக்கும் இடத்தில் சொல்லவேண்டும் என்று வழி முழுக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்தேன்.

வான் எங்கள் படலையில் வந்து நின்றபோது அப்பா வயலால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா பிள்ளைகளுக்குப் படிப்பிக்கவென்று வெட்டிய அட்டை மிருகங்களை அணைத்துப் பிடித்தபடி இறங்கினார். நான் குதித்து இறங்கி, மூன்று பேருக்கும் கேட்கும்படி, மெக்கானிக் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். மூடிக்குள்ளே எழுதியிருப்பதையும் சொன்னேன். இனிக் கிளிநொச்சிக்குப் போகவே தேவையில்லை, எங்கள் செட்டிலேயே அடிக்கலாம் என்று முடித்தேன்.

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மாமா ஸ்ரேறிங்கைப் பார்த்தபடி இருந்தார். அம்மாவின் கையிலிருந்து ஓர் அட்டை மான் நழுவிக் கீழே விழுந்தது, அவர் அதை எடுக்கக் குனியவுமில்லை. அப்பா வாளித் தண்ணீர் முடியும்வரைக்கும் கால் கழுவினார். பிறகு நிமிர்ந்தார்.

“ஆர் சொன்னது, அந்த மெக்கானிக்கோ? அவருக்கு டிராக்டர் கழற்றத்தான் தெரிஞ்சிருக்கும். டர்போவைப் பற்றி அவருக்கென்ன தெரியும்? தொண்ணூற்றைஞ்சுதான் அடிக்கோணும்.”

இல்லையப்பா, எழுதியிருக்கிறது, நான் கண்ணால் கண்டேன் என்று நான் தொடங்கினேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பிறகு என்னை விட்டுவிட்டு, வான் யன்னலடிக்கு வந்தார். வயல் கதை குழம்பிய நாளிலிருந்து அவர் மாமாவின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

“மச்சான், வாற சனி இன்னும் வெள்ளென வெளிக்கிடு. பிந்தினால் செட்டிலை சனம் கூடிப்போம்.”

மாமா, ஓம் அத்தான் என்றார். அம்மா குனிந்து மானை எடுத்தார். எடுத்தவர் நிமிர நெடுநேரம் பிடித்தது.

அம்மா சோதனை எழுதினார், சித்தியடைந்தார், இப்போதும் அந்த முன்பள்ளியில்தான் படிப்பிக்கிறார். சோதனை முடிந்த அடுத்த கிழமையே மாமா எங்கள் பக்கத்துச் செட்டில் தொண்ணூற்றிரண்டு அடித்தார். கேட்டவர்களுக்கெல்லாம், எஞ்சின் பழகிவிட்டது என்றார். வான் இன்றுவரை ஒரு தட்டும் தட்டாமல் ஓடுகிறது. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகப் பெரிய மனிதர்கள் யாரென்று கேட்டால், அன்று அந்தப் படலையடியில் நின்ற மூன்று பேரையும்தான் சொல்வேன். அவர்கள் அந்தப் பேச்சை அதற்குப் பிறகு ஒருநாளும் எடுத்ததில்லை.

ஆனால் அன்று எனக்கு வந்தது அழுகைதான். வழக்கத்துக்கு மாறாக மாமா அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அப்பாவே அவருக்குக் கதிரை எடுத்துப் போட்டார். இருவரும் மழையைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் வாய் ஓயாமல் கதைத்தார்கள், அம்மா குசினிக்கும் விறாந்தைக்குமாக ஓடி ஓடிப் பரிமாறினார். நான் மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். இனி என் உத்தியோகமும் போய்விட்டது. அதைவிடப் பெரிய கவலை, இத்தனை வயது வந்த மூன்று பெரியவர்களில் ஒருவருக்குக்கூட அந்த வானைப் பற்றிய உண்மை தெரியவில்லையே என்பது. அந்த வீட்டில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டே நித்திரையாகிப் போனேன்.