பூட்டாமல் விட்ட கிளிப்

வாய்க்காலை மடக்கி என் நாற்றங்காலைக் காயவிட்டவர் என் பெரியப்பா மகன். அந்த அண்ணனே ஒரு காலையில் அண்ணியோடு காரில் என் வீட்டு வாசலுக்கு வந்தார். "வண்டி இழுக்க மாட்டேங்குது தம்பி, பாத்துக் கொடு." நான் தஞ்சாவூரில் மெக்கானிக்.

பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருந்தது. இஞ்சினை ஆறவிட்டு, குழாயில் பிரஷரை இறக்கி, பேட்டரி வயரைக் கழற்றி, புது ஃபில்டரை முறையாகத்தான் மாட்டினேன். ஒரு குழாயின் கிளிப்பை மட்டும் வேண்டுமென்றே பூட்டவில்லை. வழியில் பெட்ரோல் கசிந்து வண்டி எரிந்தாலும் எரியட்டும் என்றிருந்தது. பேட்டரியைத் திரும்ப இணைத்தேன்.

அண்ணனும் அண்ணியும் ஏறி உட்கார்ந்தார்கள். "கசியுதான்னு ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றார் அண்ணி.

"அவன் போட்டதுக்கு மேல பாக்க என்ன இருக்கு?" என்று அண்ணன் சாவியைத் திருகப் போனார்.

ஜன்னல் வழியே கையை விட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஒரு கிளிப் போடல."

"மறந்துட்டியா?"

"இல்ல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு இறங்கி வந்து, நான் கிளிப்பைப் பூட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அதன்பிறகே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

என் வயலுக்கு அவர் இன்றுவரை தண்ணீர் விடவில்லை. எனக்கும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் கோபமாக இருக்கும் நாளில் நான் யாருடைய வண்டியையும் தொடுவதில்லை.