குளம் இறங்கின சிறுபோகம்

அந்த வருஷம் பங்குனியிலேயே எங்கள் குளத்தின் ஓரம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. மாரி மழை குறை சொல்ல முடியாதபடி பெய்திருந்தும் குளம் நிரம்பி வான் பாயவில்லை. கோடை நெல்லுக்கான சிறுபோகக் கூட்டத்தில், வழமையாக விதைக்கிற காணியில் பாதிக்குத்தான் தண்ணீர் என்று முடிவாயிற்று. கமக்காரர் அமைப்பின் செயலாளர் நான்தான். என் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. எனக்கும் ஒரு ஏக்கர் கிடைத்தது. விதைத்தோம்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்வந்த கிழமை, நினைத்ததைவிட வேகமாகக் குளம் இறங்குகிறது என்று அவசரமாக மறுபடி கூடினோம். நீர்ப்பாசனப் பொறியியலாளர் வந்திருந்தா. என் மகளின் வயதுதான் இருக்கும்.

"வெளியில பாக்கக் குளம் அதே குளம்தான்," என்று அவா சொன்னா. "ஆனா அடியில மண் நிரம்பிட்டுது. மேல காடு வெட்டின காணியளில இருந்து மழைக்குக் கரைஞ்சு வாற மண். ஆத்தில டிப்பர் டிப்பரா மணல் அள்ளினபடியால தண்ணி வாற வழியும் கெட்டுப்போச்சு. துருசுக் கதவும் ஒழுகுது. மேல்பக்க வயல்காரர் தங்கட முறை முடிஞ்ச பிறகும் வாய்க்காலை மூடுறேல்லை. வெயிலும் முந்தின மாதிரி இல்லை."

பின் கதிரையிலிருந்து ஒருவர் எழும்பினார். "அதெல்லாம் சரி பிள்ளை. ஆர் களவா இறைக்கினம் எண்டு சொல்லுங்கோ."

"இறைக்கிறதும் இருக்கு. ஆனா அது கொஞ்சம்."

'இருக்கு' என்பதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. காட்டையும் வெயிலையும் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. தண்ணீர் இறைக்கிற ஆளைக் கூப்பிடலாம். இறைக்கிற மிசின்களை எல்லாம் நிற்பாட்டுவதென்று முடிவாயிற்று. எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது.

அடுத்தநாள் காலை தலைவரும் நானும் இன்னும் மூன்று பேரும் குளத்தின் மறுகரைக்குப் போனோம். தண்ணீர் பின்வாங்கிய நிலத்தில் ஆங்காங்கே தோட்டம் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மிசினாக நிற்பாட்டச் சொல்லிக்கொண்டு போனோம். கடைசித் தோட்டத்தில், மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவளை எனக்குத் தெரியும்.

யுத்தம் முடிந்து இருந்த முகாமில் நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே கூடாரத்தில் இருந்தோம். என் மகளுக்கு அம்மை போட்டபோது, அந்த வெளியில் எங்கேயோ தேடி வேப்பிலை கொண்டுவந்தவள் அவள். அவளுடைய தாய் தகப்பன் இனக்கலவரத்துக்குத் தப்பி மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். என் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். குடியேற்றத் திட்டத்தில் அவருக்குக் காணியும் அதற்கு உறுதிப் பத்திரமும் கிடைத்தன. அவளுடைய ஆட்களுக்கு உறுதி இல்லை. குளம் வற்றினால்தான் அவளுக்கு நிலம்.

தலைவர் சட்டம் பேசத் தொடங்கினார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அக்கா, நிப்பாட்டச் சொல்றீங்களா?"

"ஓம். கூட்டத்தில முடிவெடுத்திட்டினம்."

"இன்னும் ரெண்டு வாரம் ஊத்துனா காய்ச்சிரும்."

"எனக்கு விளங்குது. ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே."

அவள் மிசினை நிற்பாட்டினாள். அதைக் கரைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. ஆண்கள் ஒருவரும் அசையாததால் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். "பாத்துக்கா, சூடு," என்றாள்.

மிசின்கள் எல்லாம் நின்றன. குளம் நிற்கவில்லை. அடுத்த கிழமையும் அதே வேகத்தில் இறங்கியது.

எனக்கு மனம் கேட்கவில்லை. பொறியியலாளரிடம், அவா சொன்ன இடங்களைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனா. ஆற்றில் மணல் அள்ளின பள்ளங்களைக் காட்டினா. அதற்கும் மேலே, முன்பு காடாக இருந்த இடம் வெட்டையாகக் கிடந்தது. மழை அறுத்த ஓடைகள் எல்லாம் ஆற்றை நோக்கி இறங்கியிருந்தன. வெட்டாமல் விட்ட ஒற்றைப் பாலைமரத்தைக் கண்டதும் ஸ்கூட்டியை நிற்பாட்டச் சொன்னேன்.

"இது ஆருடைய காணி எண்டு தெரியேல்லை," என்றா.

எனக்குத் தெரியும். மீளக் குடியேறிய புதிதில் உழுந்து போடுவதற்காக என் கணவர் வெட்டுவித்த காணி அது. டோசர்காரருக்கு அன்றைக்குச் சோறு சமைத்துக் கொடுத்தது நான். இரண்டு போகம் உழுந்து போட்டோம், பிறகு விட்டுவிட்டோம். போவோம் என்று மட்டும் அவாவிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"எல்லாரும்தான் வெட்டினவை," என்றார். "நாங்கள் விட்டிருந்தா வேற ஆரும் வெட்டியிருப்பினம்."

அது பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்டபிறகு இனி இந்தக் குளத்துக்கு வழியில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த கூட்டத்தில் நான் எழும்பி, மேலே எங்கள் காணியும் இருக்கிறது, இங்கே இருக்கிற கனபேருடைய காணியும் இருக்கிறது என்று சொன்னேன். மிசின்களைப் பிடித்தது பிழை என்றும் சொன்னேன்.

"அது வேற கதை," என்றார் தலைவர். "இப்ப தண்ணிக்கு வழியைச் சொல்லுங்கோ."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

ஆடியில் நெல் குடலைப் பருவத்தில், கதிர் இன்னும் வெளிவராமல் நின்றபோது கடைசி முறைத் தண்ணீர் திறந்தார்கள். வாய்க்காலில் அது எனக்கு மூன்று வயல் முன்னாலேயே நின்றுவிட்டது. வெளிவந்த கதிர் வெள்ளையாக, மணியில்லாத வெறும் சப்பியாக இருந்தது. கணவர் வேலியைத் திறந்து மாடுகளை உள்ளே விட்டார். நான் பார்க்கப் போகவில்லை.

அந்தக் கிழமைதான் அவளுடைய வீட்டுக்குப் போனேன். மிளகாய் எப்போதோ கருகிவிட்டது. வவுனியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை கிடைத்து, பையில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயெடுக்க முதல், "உக்காருங்கக்கா," என்று கதிரையைத் துடைத்தாள்.

"நான் செய்தது பிழை," என்றேன்.

"நீங்க ஒரு ஆளாக்கா செஞ்சீங்க?" என்றாள். கோபம் இல்லாமல்தான் கேட்டாள். பிறகு, "தண்ணி இறங்குறது நின்னுச்சா?" என்றாள்.

"இல்லை."

அவள் பையின் வாயைக் கட்டினாள்.

மழை பிந்தித்தான் வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. ஆற்றுத் தண்ணீர் குளத்துக்குள் விழுவதைப் பார்க்கக் குளக்கட்டில் சனம் நிறைந்திருந்தது. வருகுது, வருகுது என்று எல்லோருக்கும் சந்தோஷம். நானும் போய் நின்றேன். தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில், தடித்து, மண்ணாக வந்துகொண்டிருந்தது.