ஷூ விற்ற அக்காவின் வெறுங்கால்

இதுவரை மலையே ஏறாத நாலு நண்பர்களோடு குற்றாலத்திலிருந்து செண்பகாதேவி கோயிலுக்கு ஏறி, அன்றே இறங்குவதாகத் திட்டம். அதற்கு ஷூ வாங்க இன்று தென்காசியில் ஒரு கடைக்குப் போனேன்.

"செண்பகாதேவிக்கு ஏறணும். எந்த ஷூக்கா அங்க வழுக்காது?"

ஷூ எடுத்துத் தந்த அக்கா சிரித்தார். "அத நான் எப்படிச் சொல்ல தம்பி? வருஷா வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு நானும் அங்கன போவேன். தலையில பொங்கப்பான இருக்கும். செருப்பக் கீழயே போட்டுட்டுதான் ஏறுவோம்."

"பாறை வழுக்காதா?"

"வெரலு பிடிச்சுக்கிடும்லா."

குனிந்து அவர் பாதத்தைப் பார்த்தேன். பிறகு வாசலுக்கு வெளியே, பாதி உடம்பு மேகத்துக்குள் போய்விட்ட மலையைப் பார்த்தேன்.

'யார் பையும் மூன்று கிலோவைத் தாண்டக் கூடாது' என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்டிருந்த மெசேஜை அழித்துவிட்டேன்.

உங்கள் நாலு பேரில் அதற்குள் படித்துவிட்டவர்கள் யார் யார்? கையைத் தூக்குங்கள்.