பாட்டு ஏற்றிய கல்யாண கேசட்

போன மாதம் வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களை வாசலில் எடுத்துப் போட்டபோது, சாமை கொட்டி வைக்கும் தகர டிரம்முக்குள், அடியில் அக்காவின் கல்யாண வீடியோ கேசட் கிடைத்தது. சிரிக்காதீர்கள். கொல்லிமலை ஈரத்துக்கு ஒரே மழைக்காலத்தில் கேசட்டில் பூஞ்சை பிடித்துவிடும். தானியத்துக்குள் புதைத்தால் பிடிக்காது என்று மலையில் எங்கள் அரியூர் நாட்டுப் பக்கம் யாரோ கிளப்பிவிட்டார்கள், நாங்களும் புதைத்தோம். உறையைத் திறந்ததும் சாமை வாசனை.

அந்த வாசனையோடு கேசட் ஓட்டும் டெக்கும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எங்களிடம் சொந்த டெக் ஏது? பொங்கலுக்குப் பொங்கல் செம்மேட்டிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு ஜீப்பில் வரும். இரண்டு சினிமாவுக்கு நடுவில் அக்கா கல்யாணத்தைப் போடாவிட்டால் ஊர் விடாது. "ஏனுங்க, கொஞ்சம் பின்னால ஓட்டுங்க, எங்க ஊட்டுக்காரரு பந்தியில இருந்தாரு" என்று பக்கத்து வீட்டு அத்தை கெஞ்சுவார். ஓட்டி ஓட்டி அந்தப் பந்தி மட்டும் கோடு கோடாகிவிட்டது. அம்மா ஒரு முறைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை, வந்தவர்களுக்குக் காபி போடவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. படம் நடுங்கினால் டெக்குக்காரர் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு டெக்குக்குள் இருக்கும் ஹெட்டைத் துடைப்பார். எனக்கு அந்த ஸ்பிரிட் வாடைதான் பொங்கலின் நெடி.

பிறகு ஆஸ்பத்திரியின் நெடியாகிவிட்டது. கல்யாணமாகி ஆறு வருஷம்கூட முடியவில்லை, அக்கா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். மலைக்கு செல்போன் வருவதற்கு முன்பே போனதால் நாலைந்து போட்டோக்கள்தான் இருக்கின்றன, குரல் எங்கும் இல்லை. எதிர்மேட்டிலிருந்து கூப்பிட்டாலும் கேட்கும் கரகரத்த குரல். எவ்வளவு முயன்றும் அது எனக்கு நினைவில் வர மறுக்கிறது. அம்மாவுக்கும் அப்படித்தான்.

கேசட்டைக் கண்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "இதுல அவ பேசுவா கண்ணு. கெளம்பறப்ப எங்கையப் புடிச்சுக்கிட்டு என்னமோ சொன்னா. அழுத அழுகையில எனக்கு ஒண்ணுமே காதுல ஏறல."

கல்யாணத்துக்கு மறுவாரம் வீடியோக்காரர் கேட்டார்: "பேச்சு சத்தம் வெக்கட்டுங்களா, இல்ல பூரா பாட்டுங்களா?" ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த நான் பெரிய மனுஷி மாதிரி முந்திக்கொண்டேன். "பூரா பாட்டாப் போட்டுருங்க. பேச்சு என்னத்துக்குங்க, தெனமும் கேக்கறதுதானுங்க." பாட்டுப் பட்டியலை நோட்டுத் தாளில், கலர் பேனாவில், நானே எழுதிக் கொடுத்தேன்.

ஆனாலும் நப்பாசை விடவில்லை. நாமக்கல்லில் பழைய கேசட்டைச் செல்போனுக்கு மாற்றித் தருகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். "பாட்டுக்கு அடியில பேச்சு இருக்குமாங்க?"

"இல்லீங்க. பேச்ச அழிச்சுட்டுத்தானுங்க பாட்டு ஏத்தறது."

"மொதல்ல எடுத்த டேப்பு?"

"அதுலயே அடுத்த கல்யாணத்த எடுத்திருப்பாங்க."

இதை அம்மாவிடம் சொல்ல பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை. படம் ஏற்றிய போனை அவள் கையில் கொடுத்தேன். படம் தெளிவாகத்தான் இருந்தது. அக்கா காருக்குப் பக்கத்தில் நின்று அம்மாவின் கையைப் பிடித்தாள். உதடுகள் நிறைய நேரம் அசைந்தன. நான் கலர் பேனாவில் எழுதிய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"பாட்ட நிறுத்து கண்ணு, அவ என்ன சொல்றான்னு கேக்கலாம்" என்றாள் அம்மா.

சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.