கறுப்புப் பொலித்தீனை வெள்ளையாய்ப் பிரட்டியவள்

கிளி, அன்று காலை உன் காரின் ஹோர்ன் சத்தம் கேட்கவில்லை. வேலைச் சப்பாத்தும் போட்டு, சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாக வாசலில் நின்றேன். நீ ஒருநாளும் பிந்துகிறவள் இல்லை. உனக்குப் போன் எடுத்தேன், மணி அடித்து அடித்து நின்றது. பிறகு பான் நகரில் இருக்கும் உன் மகள் எனக்கு எடுத்தாள்.

"மணி அன்ரி, அம்மா எழும்பேல்லையாம். அலாரம் நிப்பாட்டாமல் அடிக்குதெண்டு பக்கத்து வீட்டு மனிசி திறப்பாலை திறந்து பாத்தவவாம்..."

பிள்ளை அழத் தொடங்கினாள். சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் போய் இருந்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்கோ என்று அந்த மகள்தான் என்னைக் கேட்டாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வடிவாக எழுத வராது. இங்கே ஜெர்மனியில், எசன் நகரில் உங்களுக்கெல்லாம் அவளைத் தவமலர் என்று தெரியும். வாய் ஓயாதவள் என்பதால் கிளி என்று நான்தான் கூப்பிடத் தொடங்கினேன். அன்பானவள், எல்லாருக்கும் உதவினவள் என்று மற்றவர்கள் எழுதியிருப்பீர்கள். அது முழுக்க உண்மை. அவள் ஏன் செத்தாள் என்பதை ஒருவரும் எழுதமாட்டீர்கள். அதை நான் எழுதுகிறேன்.

எசனிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் உள்ள தோட்டத்தில், வசந்தம் வந்தால் எனக்கும் அவளுக்கும் ஸ்பார்கல் என்கிற வெள்ளைத் தண்டு மரக்கறியைத் தரம் பிரிக்கிற வேலை. கொட்டிலுக்குள் நின்று தடித்ததை ஒரு பக்கம், மெல்லியதை ஒரு பக்கம் போடுவோம். வயலில் குனிந்து வெட்டுகிறவர்கள் ஜோர்ஜியா நாட்டில் இருந்து வருவார்கள். அவர்களில் நீனோ என்றொரு மனிசி. கிளிக்கு அவளின் பாஷை தெரியாது, அவளுக்கு ஜெர்மன் நாலு சொல்லுக்கு மேல் வராது. ஆனாலும் இரண்டு பேரும் மத்தியானம் ஒரே மர வாங்கில் அருகருகே இருந்து புருசன்மாரைப் பற்றிக் கதைத்துச் சிரிப்பார்கள். என்ன விளங்கிச் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இந்த வருடம் அவர்கள் வரவில்லை. அவர்களின் வேலை அனுமதிக்கு முதலாளி மாரிகாலத்திலேயே விண்ணப்பம் அனுப்பிவிட்டார். எங்கேயோ ஒரு அலுவலகத்தில் அது கிடந்தது. ஒரு தாள் குறைகிறது என்றார்கள், அனுப்பினார். பிறகு அதே தாளைத் திரும்பவும் கேட்டார்கள். முதலாளியின் மனைவி அந்த அலுவலகத்துக்கு எடுத்து, போனைச் சத்தமாக வைத்து மேசையில் போட்டுவிட்டு வேலை செய்வா. ஆள் எடுக்கும்வரை அதில் ஒரு சங்கீதம் போகும். கடைசியில் ஒரு குரல் வந்து, பரிசீலனையில் இருக்கிறது, அடுத்த கிழமை கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிடும். கிளி அந்தச் சங்கீதத்தைப் பாடமாக்கி, ஸ்பார்கல் பிரிக்கும்போது முணுமுணுக்கத் தொடங்கினாள். "நல்ல பாட்டடி மணி, பிள்ளையின்ரை கலியாணத்துக்கு இதைத்தான் போடப்போறன்" என்பாள். நாங்கள் சிரித்தோம். அப்போது சிரிக்கலாம் போலத்தான் இருந்தது.

ஸ்பார்கல் வரம்புகளின் மேலே நீட்டுக்குப் பொலித்தீன் மூடியிருக்கும். ஒரு பக்கம் கறுப்பு, மற்றப் பக்கம் வெள்ளை. கறுப்பு மேலே இருந்தால் மண் சூடாகிக் கிடுகிடுவென்று வளரும். வெள்ளையைப் பிரட்டிவிட்டால் மண் குளிர்ந்து வளர்ச்சி கொஞ்சம் பிந்தும். வெட்ட ஆளில்லாதபோது செய்யக்கூடியது அது ஒன்றுதான். கொட்டிலில் நின்ற எங்களை வயலுக்கு இறக்கினார்கள். காற்றில் அடித்துக்கொண்டிருந்த பொலித்தீனை ஆளுக்கொரு கரையில் பிடித்து, வரம்பு வரம்பாகப் பிரட்டினோம்.

"பார் மணி, ஸ்பார்கலுக்குக்கூடப் பொறு எண்டு சொல்லி மூடிவிட ஒரு பொலித்தீன் இருக்கு. எங்கடை அகதி விண்ணப்பம் கிடந்த வருசங்களிலை எங்களுக்கும் உப்பிடி ஒண்டு தந்திருந்தால் தலை நரைச்சிருக்காது."

"உன்னை மூடினாலும் உள்ளுக்கை இருந்து கதைச்சுக்கொண்டுதான் இருந்திருப்பாய்."

சிரிக்கப்போனவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் இருந்துவிட்டாள். அப்போதுதான் சொன்னாள், மாடிப்படி ஏறினாலே இப்படி வருகிறது, இருதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்க ஆஸ்பத்திரியில் வரச்சொல்லி ஒரு நாள், ரெர்மின், தந்திருக்கிறார்கள், அது அடுத்த கிழமை என்று.

வெள்ளைப் பொலித்தீன் எத்தனை நாளைக்குத் தாங்கும்? வெயில் எறித்தது. மண்ணைப் பிளந்துகொண்டு தலைகள் வந்தன. வெளியே வந்தால் நிறம் மாறிவிடும், விலை போகாது. கொட்டில் பெண்கள் எல்லாரும் கத்தியை எடுத்தோம். இந்த வருடம் இப்படிப் போனால் எல்லாவற்றையும் உழுதுவிட்டுக் கொட்டிலைப் பூட்டப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். இந்த வயதில் எங்களுக்கு வேறெங்கே வேலை? அதைவிட, கொட்டில் பூட்டினால் நீனோவும் இனி வரமாட்டாள் என்பது கிளிக்குப் பெரிய கவலை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம், எங்கள் எல்லாருக்கும் முன்னால், அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து ரெர்மினைத் தள்ளி வைத்தாள். மற்ற நாள் ஜூனில்தான் கிடைத்தது.

"உனக்கென்ன விசரே?" என்று நான் கத்தினேன். "போயிட்டு வா. ரெண்டு நாளிலை என்ன குடியே முழுகிடும்?"

"கத்தாதை. ஸ்பார்கல் பொறுக்காது, நான் பொறுப்பன். அடுத்த கிழமை அவை வந்திடுவினம் எண்டு அந்தக் குரல் சொன்னதெல்லோ."

"அந்தக் குரல் மாசியிலையும் அதைத்தானே சொன்னது!"

கேட்டாளா? நான் நேரே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து, நீ வேலை செய்ய வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போ என்று அவளிடம் சொன்னார்தான். சொல்லும்போது அவர் கண் வயலில் இருந்தது. கிளியும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த கிழமையும் அவர்கள் வரவில்லை. அதற்கு அடுத்த கிழமையும் இல்லை. கிளி குனிந்து வெட்டினாள், நெஞ்சு அடைத்தால் பக்கெற்றைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள், திரும்பக் குனிந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. அடுத்த நாள் காலைதான் அலாரம் நிற்காமல் அடித்தது.

செத்தவீட்டில் பலர் என் கையைப் பிடித்து, அவவுக்கு எழுதின நாள் அவ்வளவுதான் என்றீர்கள். இப்போது சொல்கிறேன்: அவளுக்கு எழுதின நாள் ஏப்ரலில் இருந்தது. ஆஸ்பத்திரிதான் எழுதித் தந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று முதலாளி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அனுமதி வந்துவிட்டது என்றார். அதைச் சொல்லிவிட்டு அழுதார். வடையும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினோம். அந்த மனிதனைத் திட்ட வேண்டும் போல இருந்தது, அணைக்க வேண்டும் போலவும் இருந்தது. யாரைப் பிடித்துத் திட்டுவது? முகம் உள்ளவர் அவர் ஒருவர்தான். மற்றது வெறும் குரல்.

அறுவடை முடிய இரண்டு கிழமை இருக்கும்போது ஜோர்ஜியாக்காரர் வந்து இறங்கினார்கள். நீனோ நேரே கொட்டிலுக்குள் வந்தாள். கையில், நூலில் வால்நட் கோத்து திராட்சைப் பழச்சாற்றில் தோய்த்துக் காய வைத்த இனிப்பு. ஒவ்வொரு வருடமும் கிளிக்குக் கொண்டு வருவது. "கிளி?" என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. கழிப்பறைப் பக்கம் காட்டி, அங்கேயா என்று கேட்டுச் சிரித்தாள். செத்துப்போனாள் என்பதை நான் அவளுக்குக் கையால் காட்ட வேண்டியிருந்தது. அந்தச் சைகையை இனி நான் ஒருவருக்கும் காட்ட நேரக்கூடாது. அவள் அந்த வாங்கில் இருந்து அழுத அழுகையை எழுத எனக்கு ஏலாது.

அந்த இனிப்பை என் கையில் வைத்துவிட்டாள். அது என் குசினி அலுமாரியில் தொங்குகிறது, ஒருவரும் தொடவில்லை. போனில் பாட்டுப் போகிற எந்த அலுவலகத்துக்கும் இனி நான் எடுப்பதில்லை, மகனை எடுக்கச் சொல்கிறேன். காலையில் தெருவில் யாருடைய ஹோர்ன் கேட்டாலும் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்குகிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சினவை இவ்வளவும்தான், கிளி, இவற்றோடு நீ சொன்ன அந்த ஒரு சொல்லும். நீ தள்ளி வைத்த அந்த ஜூன் நாள் போன செவ்வாய்க்கிழமை வந்து போனது.

ஸ்பார்கல் பொறுக்காது எண்டது சரி. நீ பொறுப்பாய் எண்டு உனக்கு ஆரடி சொன்னது?